தக்கோலத்துக் களமும் ஒரு வாசிப்புக் குறிப்பேடும்

அரக்கோணம் சந்திப்பிலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டுக்குப் போகும் இரயிலில் ஏறி, கைப்பையை ஒழுங்காக வைத்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடும் சிறிய நிலையம் தக்கோலம். மணப்பேச்சுக்கும் மையித்து வீட்டுக்கும் கிதாபு வாங்கவுமாக எத்தனையோ முறை நாம் அதனைக் கடந்து சென்றிருக்கிறோம். மஞ்சட் பலகையில் எழுதியிருக்கும் அந்தப் பெயரை ஒரு முறையேனும் நின்று படித்ததாக நினைவில்லை. கி.பி. 949ஆம் ஆண்டில் தென்னாட்டின் தலைவிதியை அரை நூற்றாண்டுக்கு மாற்றி வைத்த போர் நடந்த ஊர் அது. முதற் பராந்தக சோழனின் மூத்த மகன் இராஜாதித்தன் அங்கேதான் யானை மேலிருந்தவாறே உயிர் நீத்தான். இதனை நாம் அறிந்து கொண்டது நம் ஊரார் சொல்லியன்று, பள்ளிப் பாடத்திலுமன்று, ஒரு நாவலைப் படிக்கப் புகுந்து, அதற்கென ஒரு குறிப்பேடு போட்டதால் வந்த பயன் அது.

குறிப்பேடு போடும் எண்ணம் நல்ல எண்ணத்தால் பிறந்ததன்று, வெட்கத்தால் பிறந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் இலக்கிய மன்றத்தில் வரலாறு பற்றிப் பேச நம்மை அழைத்திருந்தனர். அரபி ஆசிரியர் தமிழ் வரலாறும் பேசுவார் என்று காட்டிக்கொள்ளும் ஆசை நமக்கும் இருந்தது. ஆதித்த கரிகாலன் கொலையுண்ட செய்தியை எடுத்துக்கொண்டு, நந்தினி என்னும் பெண்ணின் வஞ்சினத்தை விரிவாகப் பேசி, அரண்மனைச் சதிகளின் கேடு இத்தகையது என்று முடித்தோம். கைத்தட்டல் நன்றாகவே இருந்தது. கூட்டம் கலைந்த பின், இரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், தப்பாக எண்ண வேண்டாம். நந்தினி என்று ஒரு பெண் இருந்ததை எந்தக் கல்வெட்டில் பார்த்தீர்கள்?" என்று மெல்லக் கேட்டார். நாம் 'பொன்னியின் செல்வன்' என்றோம். "அது கதையாயிற்றே" என்று சொல்லிவிட்டு அவர் ஸலாம் கூறி நடந்தார்.

வேலூரில் ஓதிய காலத்தில் ஒரு செய்தி நம் முன் வந்தால் முதலில் கேட்க வேண்டியது 'ஸனது எங்கே?' என்பதே என்று நம் உஸ்தாதுமார்கள் ஆண்டுக்கணக்கில் ஓதிக் கொடுத்திருந்தனர். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க இயலுமா, அவர் நினைவாற்றல் எத்தகையது என்றெல்லாம் துருவிப் பார்க்கும் கல்வியைக் கற்றவர் நாம். அக்கல்வியை ஓதுகிற கட்டிலோடு கட்டி வைத்துவிட்டு, கதாசிரியர் ஒருவர் படைத்த பெண்ணை மேடையேற்றி வரலாற்றுச் சாட்சியாக்கிவிட்டோம். பள்ளிவாசல்களில் கூட்டம் சேர்க்கக் கதை சொன்ன 'குஸ்ஸாஸ்' என்போரைப் பற்றி இமாம் இப்னுல் ஜவ்ஸி தனி நூலே எழுதி எச்சரித்தார். அன்று மாலை வீட்டுக்கு நடந்து வந்தபோது அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவராகி விட்டோமே என்று மனம் குறுகியது.

மறுநாளே கணக்கெழுதும் தடித்த பேரேடு ஒன்று வாங்கினோம்.

கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் அவருடைய இதழில் தொடங்கி, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வந்து, ஐந்து பாகங்களாக நிறைந்தது. நாம் அதனை இளமையில் விழுங்கியிருந்தோம். இப்போது மென்று தின்னத் தலைப்பட்டோம். பேரேட்டின் இடப்பக்கத்தில் அத்தியாயத்தின் செய்தியைச் சுருக்கி எழுதுவது. வலப்பக்கத்தைப் பத்திகளாக்கி, கல்வெட்டோ செப்பேடோ சொல்வது ஒன்றிலும், பிற்கால வரலாற்றறிஞர் ஊகித்தது ஒன்றிலும், ஆசிரியரின் கற்பனை ஒன்றிலும், நமக்கே ஐயமாயிருப்பது கடைசியிலுமாக எழுதுவது என்று ஏற்பாடு. பழைய கிதாபுகளின் ஓரத்தில் ஹாஷியா எழுதிய பெரியோர் இதனைவிட நுட்பமாகச் செய்தனர். நாம் அவர்களின் நிழலில் நின்று கோடு கிழித்தோம், அவ்வளவே.

முதல் அத்தியாயமே பேரேட்டில் எட்டுப் பக்கங்களை எடுத்துக்கொண்டது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மேல் குதிரையில் வருகிறான். ஏரி உண்மை, இன்றும் வீராணம் என்று வழங்குவது அதுவே. வீரநாராயணன் என்பது பராந்தகனின் விருதுப் பெயர். வந்தியத்தேவனும் உண்மையே. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள் குந்தவைப் பிராட்டியை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்றே குறிக்கின்றன. ஆனால் அவர் எப்படிச் சிரிப்பார், எந்த அளவு துடுக்காகப் பேசுவார் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை. அவை கல்கியின் கொடை. இவ்வாறே நந்தினியைக் கற்பனைப் பத்தியில் எழுதும்போது நம் கை சற்றே தயங்கியது. அவளோடு பூங்குழலி, மணிமேகலை, ஊமை ராணி, ஆழ்வார்க்கடியான் ஆகியோரும் வந்து சேர்ந்தனர். படிப்பவர் நெஞ்சில் மிக அழுத்தமாகப் பதிந்தவர்களிற் பலர் அந்தப் பத்திக்கே உரியவராயிருந்தது வியப்பளித்தது.

ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய பக்கமோ நேர்மாறானது. வீராணத்துக்கு அருகே காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு உண்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறித்து, அவர்கள் சுற்றத்தாரின் நிலங்கள் பறிமுதலானதைத் தெரிவிக்கிறது. கதையில் மந்திரவாதியாக வந்து நம்மை அச்சுறுத்தும் இரவிதாசன், பெயரளவிலேனும் மெய்யான மனிதன்! கல்வெட்டு எதற்காகக் கொன்றார்கள் என்பதைச் சொல்லவில்லை. அந்த மௌனத்தினுள்தான் நந்தினி நுழைந்தாள். இதனைக் கண்டுகொண்ட பிறகு கல்கியின் மேல் நமக்கு மதிப்புக் கூடியதேயன்றிக் குறையவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. கல் பேசாத இடத்தில் பேசினார். நாமன்றோ அவர் குரலைக் கல்லின் குரலென்று மேடையில் விற்றோம்!

கதை நடக்கும் காலத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தியது தக்கோலப் போர். நாவலில் அது பழைய காயமாக அவ்வப்போது நினைவுகூரப்படுகிறது, அவ்வளவே. வேறு ஊர்க்காரர் அந்த வரிகளைக் கடந்து சென்றிருப்பர். நமக்கோ அது அடுத்த இரயில் நிலையம். ஆதலின் பேரேட்டில் அதற்குத் தனியே ஒரு பகுதி ஒதுக்கினோம்.

போரில் எதிர்நின்றவன் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். தமிழ்க் கல்வெட்டுகள் அவனைக் கன்னரதேவன் என்னும். அவனுக்குத் துணை நின்றவன் கங்க நாட்டுப் பூதுகன். இராஜாதித்தன் எவ்வாறு வீழ்ந்தான் என்பதற்கு இரு தரப்புச் சான்றும் கிடைத்திருப்பது நம் பேறு. சோழர் தரப்பில், இன்று லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள், பெரிய யானையின் மேல் வீற்றிருந்த இராஜாதித்தன் கூரிய அம்புகளால் மார்பு பிளக்கப்பட்டு வீரசுவர்க்கம் புகுந்தான் என்று பெருமிதத்தோடு பாடுகின்றன. பிற்காலக் கல்வெட்டுகள் அவனை யானைமேல் துஞ்சியவன் என்றே அடையாளம் சொல்லும். வென்றவர் தரப்புச் சான்று கருநாடகத்தில் மண்டியாப் பகுதியைச் சேர்ந்த ஆதகூரில் கிடைத்து, இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது கன்னடக் கல்வெட்டு. தக்கோலத்தில் சோழன் இராஜாதித்தனைப் பூதுகன் கொன்றதை அது கூறுகிறது.

இங்கேதான் நம் மதரஸாக் கல்வி நமக்குக் கை கொடுத்தது. ஆதகூர்க் கல்லை முதலிற் படித்த அறிஞர், பூதுகன் வஞ்சனையாக இராஜாதித்தனைக் குத்திக் கொன்றான் என்று பொருள் கொண்டனர். பின்னர் எழுத்துகளைத் திரும்ப ஆராய்ந்தபோது அப்பாடம் பிழையென்று தெரிந்தது. யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிப் பொருது கொன்றான் என்பதே திருந்திய பொருள். ஓரிரு எழுத்துகளைப் பிரித்துப் படித்த பிழையால் ஒரு வீரன் சில காலம் வஞ்சகனாக நின்றான். ஹதீஸ் கலையில் இதற்குத் 'தஸ்ஹீஃப்' என்று பெயர். புள்ளி மாறியும் எழுத்து மயங்கியும் பெயர்கள் திரிவதைத் தொகுத்து அல் அஸ்கரீ போன்றோர் நூல்களே இயற்றியுள்ளனர். இதனைப் படித்த இரவு நாம் பழைய கிதாபைத் தேடி எடுத்து, தஸ்ஹீஃப் பற்றிய பகுதியை முப்பதாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஓதினோம். நம் துணைவியார் விளக்கணைக்கும் நேரம் கடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கூறினார். அது பேரேட்டில் ஏறவில்லை.

போரின் விளைவு சிறிதன்று. தொண்டை மண்டலம் கன்னரதேவன் கைக்குப் போயிற்று. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்னும் அடைமொழியோடு அவன் ஆட்சியாண்டைக் கூறும் கல்வெட்டுகள் இப்பகுதி ஊர்களில் காணப்படுகின்றன. 959ஆம் ஆண்டில் அவன் நம் வடார்க்காட்டு மேற்பாடியில் பாடியிறங்கியிருந்தபோதுதான் கர்ஹாட் செப்பேடுகள் வழங்கப்பட்டன. அதே மேற்பாடியில் பிற்காலத்தில் இராஜராஜன், தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக ஒரு நினைவுக் கோயில் எடுத்தான். பகைவனின் பாசறை இருந்த ஊரில் பாட்டனின் பள்ளிப்படை! இந்த ஒரு செய்திக்காகவே மேற்பாடிக்குப் பேருந்து ஏறலாம்.

தோற்றவர் பக்கத்தில் நம் உள்ளத்தைத் தொட்ட ஒருவர் வெள்ளங்குமரன். சேர நாட்டவர்; இராஜாதித்தனின் படைத்தலைவர். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்னும் ஊரில் கற்றளி எடுப்பித்தவர். தக்கோலத்தில் தன் தலைவன் மடிந்தபோது உடன் மடியும் வாய்ப்பு இவருக்கு இல்லாது போயிற்று. பின்னாளில் திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதர் என்னும் துறவியாக வாழ்ந்தவர் இவரே என்று அறிஞர் கருதுவர். திருவொற்றியூர்க் கல்வெட்டு கன்னரதேவனின் ஆட்சியாண்டிலேயே பொறிக்கப்பட்டது. தன் தலைவனைக் கொன்ற மன்னனின் ஆட்சியாண்டைச் சொல்லித் தம் தர்மத்தைக் கல்லில் எழுதுவித்த அந்தத் துறவியின் மனம் எப்படி இருந்திருக்கும்? நாவலாசிரியர் எவரேனும் இதனை எழுதினால் நாம் முதற் படியை வாங்குவோம். குறிப்பேட்டில் அதனைக் கடைசிப் பத்தியில்தான் எழுத முடிந்தது.

நாவல் படிப்பது நம் பெரியோருக்குப் பிடித்தமானதன்று என்று சிலர் நம்மிடம் குறைப்பட்டதுண்டு. தமிழ் முஸ்லிம்களுக்கு நாவல் புதிய விருந்தாளியன்று. 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. இலங்கையில் அறிஞர் சித்தி லெவ்வை 1885இல் 'அஸன்பே சரித்திரம்' எழுதிவிட்டார். வடக்கே அப்துல் ஹலீம் ஷரர், வால்டர் ஸ்காட் சிலுவைப் போர் பற்றி எழுதிய நாவலைப் படித்து உள்ளம் நொந்து, அதற்கு மறுமொழியாக 1888இல் உருதுவில் ஒரு சரித்திர நாவலே இயற்றினார். கெய்ரோவில் ஜுர்ஜி ஸைதான் இஸ்லாமிய வரலாற்றை அடியொற்றி இருபதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, தம் 'அல் ஹிலால்' இதழ் வழியே பரப்பினார். அவரோ கிறித்தவர், அவர் எழுதியதில் எது வரலாறு, எது புனைவு என்று அரபு உலகம் அன்றே வாதாடியது. ஆகவே நம் பேரேட்டின் வேலையை நமக்கு முன்பே பலர் செய்து பார்த்துள்ளனர்.

இன்னும் பழைய எடுத்துக்காட்டும் உண்டு. செம்பினால் ஆன நகரம் ஒன்று பாலைவனத்தில் இருந்ததாகவும், மதில் ஏறியவர் கை தட்டி உள்ளே குதித்து மீளாது போனதாகவும் ஒரு கதையை அல் மஸ்ஊதி தம் நூலில் எழுதி வைத்தார். இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் அதனை எடுத்துக்கொண்டு, அப்பாலைவனத்தை வழிகாட்டிகள் குறுக்கும் நெடுக்கும் கடந்திருக்க ஒருவரும் அத்தகைய நகரத்தைக் கண்டதாகச் சொல்லவில்லையே, ஒரு நகரையே கட்டும் அளவுக்குச் செம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தள்ளிவிட்டார். அதே செம்பு நகரக் கதையைக் கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபுத் தமிழில் 'தாமிரப் பட்டணம்' ஆக்கித் தந்தார். மக்கள் விரும்பிப் படித்தனர். மஸ்ஊதி செய்தியென்று எழுதியதால் இப்னு கல்தூனின் சினத்துக்கு ஆளானார். ஆலிமவர்கள் கதையாகத் தந்ததால் யாருக்கும் தீங்கில்லை. பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டைப் பொறுத்ததே எல்லாம். அரக்கோணத்துச் சரக்குக் கூடத்தில் வேலை செய்பவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை; சீட்டு மாறினால் சரக்கு எங்கே போய் நிற்கும் என்பதை அவர் அறிவார்.

மஸ்ஊதி பேரேட்டுக்குள் வந்தது கதை சொல்லியாக மட்டுமன்று. 'பொன்னியின் செல்வன்' 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாகத் திரைப்படமாக வந்தபோது, நம்மிடம் மாலையில் அரபி ஓதவரும் பிள்ளைகள் பலர் அதே பேச்சாக இருந்தனர். படத்தில் கண்டதும் நூலில் உள்ளதும் கல்வெட்டில் நின்றதும் அவர்கள் வாயில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. பழைய வெட்கம் நினைவுக்கு வரவே, ஆளுக்கொரு நோட்டு வாங்கச் சொல்லி, விரும்பியோர் நம்மோடு சேர்ந்து நாவலைப் படிக்கலாம் என்றோம். பதினொருவர் தொடங்கினர், ஆறு பேர் நிலைத்தனர். அவர்களில் நால்வர் பெண் மக்கள்.

முதல் மாதம் நோட்டுகளைத் திருத்தியபோது சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. ஒரு பையன், இராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற ஊர்களின் பட்டியலில் தலைத்தக்கோலம் இருப்பதைக் கண்டு, நம் தக்கோலத்தையே இராஜேந்திரன் மீட்டுக்கொண்டான் என்று எழுதியிருந்தான். அது கடலுக்கு அப்பால், மலாய்த் தீபகற்பத்தின் மேலைக் கரையிலிருந்த துறை. இன்னொருவன், கதையில் அரபு நாட்டுக் குதிரை வணிகரும் மாலுமிகளும் முரடர்களாக வருவதைப் படித்து மனம் வருந்தி, 'இது உண்மையா?' என்று ஐயப் பத்தியில் எழுதியிருந்தான். கடல் வழியே அரபுக் குதிரைகள் தென்னாட்டுக்கு வந்தது உண்மை. சோழர் காலக் கல்வெட்டில் சோனகன் சாவூர் பரஞ்சோதி என்னும் ஒருவரின் பெயர் வருவதும் உண்மை. அந்தக் கப்பலில் அந்த இரவில் அந்த மாலுமிகள் செய்தது கதை என்று எழுதிக் கொடுத்தோம். சோனகருக்குப் பரஞ்சோதி என்று பெயரா என்று அவன் விடவில்லை. பெயரென்றும் விருதென்றும் பலவாறு கருத இடமுண்டு; அதற்கு மேல் நாமும் போகவில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டதுதான் நம்மைத் திணற வைத்தது. அரபுப் பயண நூல்களைப் பற்றி வகுப்பில் ஒரு நாள் சொல்லியிருந்தோம். வணிகர் சுலைமானின் பெயரால் 851ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட குறிப்புகளிலும், அதன் பின் மஸ்ஊதியின் நூலிலும், இந்திய மன்னர்களுள் தலையாயவன் 'பல்ஹரா' என்றும், அவன் தலைநகர் 'மான்கீர்' என்றும், முஸ்லிம்களை அவன் போல் மதித்துப் பேணுவார் பிறரில்லை என்றும் காணப்படுகின்றன. பல்ஹரா என்பது வல்லபராஜன் என்னும் இராஷ்டிரகூடரின் பட்டப்பெயரின் அரபு வடிவம். மான்கீர் என்பது அவர்களின் மானியகேடம், இன்றைய மால்கேடு. மஸ்ஊதி 916ஆம் ஆண்டையொட்டி அவர்களின் ஆட்சிக்குட்பட்ட மேலைக் கரையில் ஸைமூர் வரை வந்து, அங்கே ஏறத்தாழ பதினாயிரம் முஸ்லிம்கள் வாழ்ந்ததைக் குறித்திருக்கிறார். அவர் ஹிஜ்ரி 332இல், அதாவது 943ஆம் ஆண்டில் தம் நூலை எழுதினார். நான்காண்டுகள் கழித்துத் திருத்தினார். அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின் தக்கோலப் போர்.

அந்தப் பிள்ளை இரண்டையும் கூட்டிப் பார்த்திருக்கிறாள். "ஹஜ்ரத், நம்மவர்களை நன்றாக வைத்திருந்த பல்ஹராவின் படைதானே தக்கோலத்தில் இராஜாதித்தரைக் கொன்றது? கதை படிக்கும்போது நான் சோழர் பக்கமே இருந்தேன். இப்போது நாம் யார் பக்கம்?" என்றாள்.

உடனே விடை சொல்ல நா எழவில்லை. முதலில் ஒரு திருத்தம் சொன்னோம்: பல்ஹரா ஆளின் பெயரன்று, பட்டம். மஸ்ஊதி வந்தபோது அரியணையிலிருந்தவன் மூன்றாம் இந்திரன்; தக்கோலத்துக்கு வந்தவன் அவனுக்குப் பின் சிலர் ஆண்டு கழிந்து 939இல் பட்டமேறிய மூன்றாம் கிருஷ்ணன். அவள் தலையசைத்து எழுதிக்கொண்டாள். ஆனாலும் கேள்வி அங்கேயே இருந்தது. ஸைமூரின் பள்ளிவாசல்களைக் காத்த கொடி அது. நம் தொண்டை மண்டலத்து வயல்களை மிதித்த படையும் அது. மேலைக் கரையில் மீன் பிடித்தவருக்கும் பள்ளியில் பாங்கு சொன்னவருக்கும் அவன் நல்லவன். தக்கோலத்தில் ஏர் உழுதவருக்கு அவன் யார்? மஸ்ஊதி தக்கோலத்தைக் கண்டவரல்லர். கல்கி மான்கீரை எழுத வந்தவரல்லர். ஒவ்வொரு நூலும் தான் நின்ற கரையிலிருந்தே ஆற்றைக் காட்டுகிறது. இதைத்தான் அவளிடம் சொன்னோம். அவள் முகத்தில் நிறைவு தெரியவில்லை. நமக்கும் இல்லை. பின்னிருக்கைப் பையன் ஒருவன், "வல்லவரையர் வந்தியத்தேவர் என்கிறார்களே, அந்த வல்லவரையரும் பல்ஹராவும் ஒன்றோ?" என்று எழுந்தான். ஒலியொற்றுமை ஆசை காட்டத்தான் செய்கிறது. சான்றின்றி அதைப் பிடித்துக்கொண்டு ஓடினால், நாம் நந்தினியை மேடையேற்றிய கதைதான் திரும்பும். ஐயப் பத்தியில் எழுதி வை என்றோம்.

அதன் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுவரையும், இரு தாய்மாரையும் அழைத்துக்கொண்டு தக்கோலத்தில் இறங்கினோம். திருவூறல் என்று தேவாரம் பாடும் ஜலநாதீசுவரர் கோயில் அவ்வூரில் உள்ளது. அதன் சுவர்க் கல்வெட்டுகளைப் பற்றி வெளியே நின்றவாறே பிள்ளைகளுக்குச் சொன்னோம். போர்க்களம் இதுதான் என்று விரல் நீட்டிக் காட்டுவார் எவரும் நமக்குக் கிடைக்கவில்லை. வயலில் நாற்று நடவு நடந்துகொண்டிருந்தது. நம் மனம் படித்ததையெல்லாம் அவ்வயலில் ஏற்றிப் பார்க்க முயன்றது, யானைகள் வரவில்லை. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி நிலையம் ஒன்று தக்கோலத்தில் இருக்கிறது. 2025ஆம் ஆண்டில் அதற்கு இராஜாதித்த சோழன் பெயரைச் சூட்டினர். ஆயிரத்து எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் அந்தப் பெயர் அவன் வீழ்ந்த ஊருக்கே மீண்டிருக்கிறது என்றபோது, பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தனர். கொண்டு போன புளிச்சோற்றை நிலையத்துக் கல்லிருக்கையில் வைத்துப் பகிர்ந்து உண்டோம்.

திரும்பும் வண்டியில் ஆதகூர்க் கல்லின் மீதிக் கதையைச் சொன்னோம். அந்தக் கல் போரின் நினைவுக்காக மட்டும் நட்டதன்று. தக்கோலத்தில் நன்கு பொருத மணலேரன் என்னும் வீரனைப் பார்த்து, வேண்டியதைக் கேள் என்றான் பூதுகன். அவன் கேட்டது காளி என்னும் வேட்டை நாயை. அந்த நாய் பின்னர் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு மோதி, அதனைக் கொன்று தானும் மாண்டது. அந்த நாய்க்காக நட்ட கல்லே அது. அந்தக் கல்லில்தான் தக்கோலப் போரின் செய்தியும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாம் இத்தனை காலம் அரசர் கதையென்று துருவி வந்த சான்று, ஒரு நாயின் நடுகல்.

பிள்ளைகள் சிரித்தனர். கேள்வி கேட்ட அந்த மாணவி மட்டும் சிரிக்கவில்லை. மறுவாரம் நோட்டைத் திருத்தக் கொடுத்தபோது பார்த்தோம். இடப்பக்கத்தில் தக்கோலம் என்று தலைப்பிட்டு, பெயர் தெரிந்தோரை வரிசையாக எழுதியிருந்தாள்: இராஜாதித்தன், கன்னரதேவன், பூதுகன், மணலேரன், வெள்ளங்குமரன், காளி. அதன் கீழே, தக்கோலத்து ஊரார் என்று எழுதி, எதிரே வெற்றிடம் விட்டிருந்தாள். எந்தப் பத்தியில் இதனைச் சேர்ப்பது என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி. நாமும் விடை எழுதாமல் கையெழுத்து மட்டும் இட்டு, அடுத்த வாரத்துக்கு இரண்டாம் பாகம் 'சுழற்காற்று' தொடங்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தோம்.